நூத்தி இருபதுக்கு எண்பது

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்பு வாசல்லயே கிடக்கட்டும், யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாவ. சர்ச்சு முடிஞ்சு இப்பத்தான் வந்து சேலைய மாத்துனேன். அந்தச் சேர்ல இருங்க, இது கொஞ்சம் ஆடும். ஃபேன் போடட்டா?

நீங்க போன்ல சொன்ன உடனே எனக்கு ஞாபகம் வந்துட்டு. அஞ்சு வருசத்துக்கு முன்ன உங்க யுனிவர்சிட்டியில இருந்து வந்து எங்க வார்டு நர்சுகளோட உடம்பப் பத்தி ஆராய்ச்சி செஞ்சாவல்லா, அதுக்கு இது ரெண்டாம் தடவை. அன்னைக்கு இருந்த பதினாலு பேரும் இப்ப எங்க இருக்காவ, எப்படி இருக்காவ. அதானே? நல்ல ஆள்கிட்டதான் வந்திருக்கிய. ரிட்டையர் ஆனாலும் எம்பிள்ளைய, அந்த நர்சுக நம்பர் எல்லாம் என்கிட்ட இருக்கு. வார்டு இன்சார்ஜ்னா சும்மா இல்ல பாத்துக்கிடுங்க. இருபத்தெட்டு வருசம்.

எழுதிக்கிடுங்க. ஒண்ணாம் நம்பர் தென்காசிக்கு மாத்திப் போயிட்டா. ரெண்டாம் நம்பர் முட்டு வலின்னு வாலண்டரி ரிட்டையர்மென்ட் வாங்கிட்டு மகன்கூட இருக்கா. மூணும் நாலும் இங்கதான் இருக்காளுவ. அஞ்சு மஸ்கட்டுல. ஆறுக்கு முதுகுல ஆப்பரேஷன், அதையும் எழுதுங்க, நோயாளியப் புரட்டிப் புரட்டி வந்ததுதான். எட்டு…

ஏழா? எட்ட முதல்ல எழுதுங்களேன். எட்டு மதுரையில இருக்கா.

என்னம்மா, ஏழுதான் முக்கியமா? ஏன் அப்படி?

எங்க, அந்தப் பேப்பரக் காட்டுங்க. கண்ணாடி போட்டுக்கிடுதேன். "பங்கேற்பாளர் எண் ஏழு. தொண்ணூறு நாளும் சீரான ரத்த அழுத்தம். கடைசிப் பத்தொம்பது நாள் வார விடுப்பே இல்லாமல் பணியில் இருந்தும் மாற்றம் இல்லை." ஓஹோ. அதான் அவள நேர்ல பாக்கணும், இவ்வளவு வேலையிலயும் எப்படி உடம்ப வச்சிருந்தான்னு கேக்கணும்னு வந்திருக்கிய. வார ஓஃப் போட மறந்துட்டேன் பாருங்க.

தண்ணி குடிக்கியளா? நான் குடிக்கேன்.

எம்மா, நீங்க படிச்சவிய. ஆனா வார்டுல வேல பாத்ததில்லல்லா? ஒரு விசயம் சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதிய. நோயாளி கட்டில்ல ஒரு சார்ட் தொங்கும். காய்ச்சல், நாடி, மூச்சு, மூணும் எழுதணும். காய்ச்சல் பாப்போம், நாடி பிடிப்போம். மூச்சு? ஒரு நிமிசம் முழுசா நின்னு நெஞ்சு ஏறி இறங்குறத எண்ணணும். நாப்பது கட்டில், எழுபது நோயாளி, தரையெல்லாம் பாய், ரெண்டு நர்சு. யாரு நின்னு எண்ணுவா? இருபதுன்னு போட்டுருவோம். எல்லாருக்கும் இருபது. கிழவிக்கும் இருபது, குமரிக்கும் இருபது. நீங்க எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பாருங்க. இது பொய்யின்னு எங்களுக்குத் தோணினதே இல்ல. மூச்சு திணறினா தெரியாமலா போகும், அப்ப எண்ணிக்கிடலாம்னு இருப்போம்.

உங்க ஆளுக வந்து ஒரு பெரிய நோட்டக் கொடுத்தாவ. பதினாலு பேரும் டியூட்டிக்கு ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை பிரஷர் பாத்து எழுதணும். தொண்ணூறு நாள். எத்தன மணி நேரம் தூங்குன, சாப்பிட்டியா, எத்தன நிமிசம் உக்காந்த, பாத்ரூம் போக நேரம் கிடைச்சுதா, இப்படிக் கேள்வி வேற. அந்தக் கடைசிக் கேள்வியப் பாத்துட்டு எம்பிள்ளைய விழுந்து விழுந்து சிரிச்சாளுவ. "சிஸ்டர், நம்மகிட்ட இத ஒருத்தர் கேட்டுட்டாவளே"ன்னு ஒருத்தி சொன்னா. சொல்லிட்டு அழுதுட்டா. மூத்திரத்த அடக்கி அடக்கி பாதிப் பேருக்கு அங்க புண்ணு. நீங்க நல்ல எண்ணத்துலதான் வந்திய, நான் இல்லன்னு சொல்லல.

மொத வாரம் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. பள்ளிக்கூடத்துல ஊசி போட நிக்கிற பிள்ளைய மாதிரி வரிசையில நின்னு கைய நீட்டினாளுவ. ரெண்டாம் வாரம் டெங்கு வந்துட்டு. அப்புறம் எங்க கைய நீட்ட? நோட்டு நான் வைக்கிற பீரோவுல கிடந்துச்சு. திங்கக்கிழமை உங்க ஆளு வந்து பக்கத்தைப் போட்டோ எடுப்பாரு. காலியாக் கிடந்தா என்னையில்லா கேப்பாவ? சனிக்கிழமை மத்தியானம் உக்காந்து நானே போட்டுருவேன். ஒருத்திக்கு நூத்திப் பத்து, ஒருத்திக்கு நூத்தி இருபது, ஒருத்திக்குக் கொஞ்சம் கூட. அப்புறம் போகப் போக, வாற வாரத்தையும் சேத்தே போட்டு வச்சிருவேன். வேல முடிஞ்சுதுல்லா.

பிள்ளையளுக்கு நல்லதுதான் செஞ்சேன். அவளுவ நேரத்தை மிச்சம் பண்ணினேன்.

ஏழாம் நம்பர் பேரு சுகிர்தா. பேரு எழுதாதிய, எழுதக்கூடாதுன்னு உங்க சட்டம்லா. முப்பத்தஞ்சு வயசு. ஒப்பந்தத்துல இருந்தா, ஒன்பது வருசமா ஒப்பந்தத்துல. நல்ல வேலைக்காரிம்மா. எவ்வளவு மெலிஞ்ச கையா இருந்தாலும் ஒரே குத்துல நரம்பு எடுத்துருவா. நோயாளிய "அந்தச் சின்னச் சிஸ்டர வரச் சொல்லுங்க"ன்னு அவளத்தான் கேப்பாவ. எனக்குக் கோவம் வரும். ஆனா அவ இருந்தா நான் நிம்மதியா இருப்பேன்.

அவ ஒருத்திதான் நோட்டு காலியா இருந்தாலும் தினமும் தானே பிரஷர் பாத்துக்கிட்டா. ஒரு நாள் வந்து, "சிஸ்டர், நூத்தி எழுபதுக்கு நூத்திப் பத்து காட்டுது. கருவி ரிப்பேரா?"ன்னு கேட்டா. பட்டைய வாங்கி எங்கையில சுத்திப் பாத்தேன். எனக்கு நூத்தி முப்பது. கருவி நல்லாத்தான் இருந்துச்சு. அவளும் புரிஞ்சுக்கிட்டா, நானும் புரிஞ்சுக்கிட்டேன்.

"நோட்டுல எழுதட்டா சிஸ்டர்?"ன்னா.

"ஏட்டி, கிறுக்கா உனக்கு? பெர்மனென்ட் லிஸ்ட் மேல போயிருக்கு. இந்த நோட்டும் மேலதான் போகும். உடம்புக்கு ஆகாதவன்னு அடிச்சுட்டா ஒன்பது வருசமும் போச்சு. நூத்தி இருபதுக்கு எண்பதுன்னு போடு"ன்னேன். நானே பேனாவ வாங்கிப் போட்டேன்.

என்ன சொல்லுதிய? நோட்டு மேல போகாதா? நம்பர் மட்டும்தானா, யாருக்கும் காட்ட மாட்டியளா? அன்னைக்கும் உங்க ஆளு அதத்தான் சொன்னாரு. நாங்க நம்பல. கவர்மெண்டு ஆஸ்பத்திரியில எழுதின பேப்பர் எதும்மா மேல போகாம இருந்துச்சு? கையெழுத்துப் போட்ட பேப்பரால அடி வாங்கினவளுவ நாங்க.

மாத்திரை போடுன்னு நான்தான் சொன்னேன். எங்க சீஃப் டாக்டர்கிட்ட நடந்துக்கிட்டே கேட்டா, அவரும் நடந்துக்கிட்டே ஒரு மாத்திரைப் பேரு சொன்னாரு. "மூணு நாள் லீவு தாங்க சிஸ்டர், ஒழுங்கா ஸ்கேன் எல்லாம் பாத்துட்டு வாரேன்"ன்னு கேட்டா. நான் லீவு இல்லன்னு சொல்லல. கேட்டுக்கிடுங்க, நான் இல்லன்னு சொல்லவே இல்ல. மாசக் கடைசியில எடுத்துக்கோன்னு சொன்னேன். டெங்கு உச்சத்துல நிக்கு, ரெண்டு பேரு அதே காய்ச்சல்ல படுத்துட்டாளுவ, இவளையும் விட்டா நான் யாரை வச்சு வார்டு ஓட்ட? ரெண்டாவது தடவை கேட்டா. அப்பவும் அதையேதான் சொன்னேன். மூணாவது தடவை கேக்கல.

எழுபத்தொண்ணாம் நாள். செவ்வாய்க்கிழமை. ரெண்டு மணிக்கு இறங்க வேண்டியவ, மாத்தி விட ஆள் வரலைன்னு நாலு மணி வரைக்கும் நின்னா. தலை வலிக்குன்னு சொல்லிக்கிட்டே ட்ரிப் மாத்தினா. போகும்போது என் மேசைகிட்ட நின்னு, "வாரேன் சிஸ்டர்"ன்னா. நான் ஏதோ எழுதிக்கிட்டு இருந்தேன், ம்னு சொன்னேன்.

வீட்டுக்குப் போனதும் அவ வீட்டுக்காரன் செல்வின் சத்தம் போட்டிருக்கான். லாரி ஷெட்டுல வேல பாக்கிற ஆளு, பெரிய தொண்டை. அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் கேட்டிருக்கு. அவன் என்ன சொல்லிச் சத்தம் போட்டான்னு எனக்குப் பின்னாலதான் தெரியும். "லீவு போடுன்னா போடமாட்டேங்க, அந்த ஆஸ்பத்திரியில நீ ஒருத்திதான் இருக்கியா, நாளைக்கு நான் வந்து அந்த இன்சார்ஜ்காரியக் கேக்கேன்"னு சொல்லிருக்கான். என்னையச் சொல்லித்தான். கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்து விழுந்துட்டா. தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தான், எங்க ஆஸ்பத்திரிக்கே. மூளையில ரத்தம் கசிஞ்சுட்டு. மறுநாள் விடியும்போது போயிட்டா.

அடக்கத்துக்கு வார்டே போனோம், மாலை வாங்கிட்டு. பெட்டிய நடு வீட்டுல வச்சிருந்தாவ. பத்து வயசுப் பொண்ணு, ஜெமிமா, தாய் கால்மாட்டுல உக்காந்திருக்கு. சுகிர்தாவோட அண்ணன் என்கிட்ட வந்தாரு. "சிஸ்டர், பிரஷர் எக்கச்சக்கமா ஏறி மூளை நரம்பு வெடிச்சுட்டுன்னு டாக்டர் சொல்லுதாரு. உங்ககிட்டதானே பகல் பூரா இருந்தா. அவளுக்கு முன்னமே இந்த உபாதை உண்டா? வேலையில ரொம்பக் கஷ்டமா?"ன்னு கேட்டாரு. மெதுவாத்தான் கேட்டாரு. ஆனா கூடத்துல எல்லாருக்கும் கேட்டுச்சு. எங்க சீஃப் நிக்காரு, சூப்பிரண்டு நிக்காவ, பதிமூணு நர்சும் நிக்காளுவ. எல்லாரும் என்னைப் பாக்காவ.

நான் சொன்னேன். "நாங்க தினமும் நோட்டுல எழுதுதோம். நேத்துக் காலையில கூட நூத்தி இருபதுக்கு எண்பதுதான்."

அவ்வளவுதான் சொன்னேன். ஒரே வாக்கியம். வேற யாரையும் ஒண்ணும் சொல்லல.

அண்ணங்காரன் அப்படியே திரும்பி செல்வினப் பாத்தாரு. "காலையில நல்லா இருந்த பிரஷர் சாயங்காலம் எப்படிடா ஏறிச்சு? நீ என்ன செஞ்ச எந்தங்கச்சிய?" பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, "சாயங்காலம் ஒரே சத்தமாக் கிடந்துச்சே"ன்னா. பெட்டி மூடுறதுக்குள்ள அடிச்சுட்டாவ அவன. அவன் திருப்பி ஒரு கை ஓங்கலம்மா. சுவத்துல சாஞ்சு நின்னு என்னையே பாத்தான். அவனுக்குத் தெரியும்லா. அவ வீட்டுல நூத்தி எழுபதுன்னு சொல்லிருப்பால்லா. ஆனா எங்கிட்ட நோட்டு இருந்துச்சு, அவன்கிட்ட என்ன இருந்துச்சு? எம்பிள்ளைய பதிமூணு பேரும் தலைய குனிஞ்சு நின்னாளுவ. ஒருத்தி வாயத் திறக்கல. அவளுவ நோட்டும் நான் எழுதினதுதானே.

அன்னைக்கே பொண்ண மாமன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ.

வியாழக்கிழமை டியூட்டிக்குப் போனேன். பீரோவத் திறந்தா நோட்டு. சனிக்கிழமை வரைக்கும் முன்னமே போட்டு வச்சிருக்கேனே. புதன் காலையில நூத்தி இருபதுக்கு எண்பது. அவ செத்த நேரம். வியாழன் நூத்தி இருபதுக்கு எண்பது. நான் நிக்கேன், அவ மண்ணுக்குள்ள இருக்கா, நோட்டுல அவ டியூட்டிக்கு வந்திருக்கா. அந்த வரிய அடிச்சிருக்கலாம். அடிச்சா ஏன் அடிச்சன்னு கேப்பாவ. பக்கம் பக்கமாப் பாப்பாவ, எல்லாம் ஒரே கையெழுத்துன்னு கண்டுபிடிப்பாவ. திங்கக்கிழமை உங்க ஆளு போட்டோ எடுத்துட்டு "தேங்க்ஸ் சிஸ்டர்"ன்னு போயிட்டாரு. அடுத்த சனிக்கிழமை உக்காந்தேன். பதிமூணு பேருக்கும் எழுதினேன், வார ஓஃப் எல்லாம் சரியாப் போட்டேன். அவளுக்கும் எழுதினேன். கடைசியில எழுதுவேன், கண்ண மூடிக்கிட்டு எழுதுற மாதிரி எழுதுவேன். அதான் ஓஃப் விட்டுப்போச்சு. பத்தொம்பது நாள் எழுதினேன். ஒரு நாளாவது லீவுன்னு போட்டிருக்கலாம். அவ கேட்ட லீவ நான் அப்பக்கூடப் போடல பாருங்க.

அப்புறம் விழா வச்சிய. எங்க வார்டுதான் மாவட்டத்துலயே ஆரோக்கியமான வார்டுன்னு சொன்னிய. மேற்பார்வை நல்லா இருக்குன்னு எனக்குப் பொன்னாடை. கூட ரெண்டு நர்சு கேட்டிருந்தோம், அது வேற வார்டுக்குப் போயிட்டு. உங்களுக்குத்தான் தேவை இல்லையேன்னுட்டாவ. எம்பிள்ளைய கைதட்டினாளுவ. நான் சிரிச்சுக்கிட்டு நின்னேன்.

அன்னைல இருந்து எனக்கு ஒரு வியாதி. எங்க உக்காந்தாலும் மனுசரோட மூச்ச எண்ணுதேன். சர்ச்சுல முன்னால இருக்கிறவ முதுகு ஏறி இறங்குறத எண்ணுதேன். பஸ்ஸுல எண்ணுதேன். இருபத்தெட்டு வருசம் எண்ணாதத எல்லாம் இப்ப எண்ணுதேன். ஒருத்தருக்கும் இருபது வரலம்மா. பதினாறு, பதினெட்டு, இருபத்திரண்டு. உங்களுக்கு நீங்க வந்தப்ப பதினெட்டு. இப்ப இருபத்தஞ்சு இருக்கும்.

டாக்டர்கிட்ட காட்டலையான்னா கேக்கிய? என்னன்னு சொல்லிக் காட்ட?

இன்னும் இருக்கு, கேளுங்க. ஜெமிமா ஞாயித்துக்கிழமை தோறும் இங்க வருவா. ஓய்வுநாள் பள்ளி முடிஞ்சு நேரா வந்து சாப்பிட்டுட்டுத்தான் மாமன் வீட்டுக்குப் போவா. எனக்குப் புருசனும் இல்ல, மகன் இருக்கான், பெங்களூருல இருந்து போன்ல பேசுவான். அந்தப் பிள்ளதான் எனக்கு வீட்டுல ஒரு சத்தம். பெரியம்ம, பெரியம்மன்னு வருவா. நானும் நர்சாத்தான் ஆவேன்னு சொல்லுவா. மொத தடவை வந்தப்ப என்ன சொன்னா தெரியுமா? "பெரியம்ம, நீங்க மட்டும் அன்னைக்கு உண்மையச் சொல்லலைன்னா, எங்கம்மை எப்படிச் செத்தான்னே எங்களுக்குத் தெரியாமப் போயிருக்கும்"னா. அஞ்சு வருசமா தகப்பன்கூட ஒரு வார்த்தை பேசல. அப்பான்னு கூடச் சொல்ல மாட்டா, அந்த ஆளுன்னுதான் சொல்லுவா. அந்த ஆளு மூணு தெரு தள்ளித்தான் இருக்கான், தனியாப் பொங்கித் தின்னுட்டு.

போன செவ்வாய்க்கிழமை அவன் வந்தான்ம்மா. அந்தப் படியில நின்னான். உள்ள வரச் சொன்னேன், வரல. வாற ஞாயிறு ஜெமிமாவுக்குத் திடப்படுத்தல். பிள்ளைய வெள்ள உடுப்புப் போட்டு பிஷப் முன்ன முழங்கால் போடும், தாய் தகப்பன் பக்கத்துல நிப்பாவ. மாமன் நிக்கப் போறாரு. செல்வின் என்கிட்ட சொல்லுதான், "சிஸ்டர், நான் பக்கத்துல நிக்கணும்னு கேக்கல. கடைசி வரிசையில நின்னுக்கிடுதேன். விரட்டிராதன்னு மட்டும் அவகிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா." என்னை ஒரு வார்த்தை ஏசலம்மா. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். பாக்கேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

சொல்லிருக்கலாம். "விட்டுக்கொடு மக்கா, பாவம்"னு சொல்லிருக்கலாம். ஆனா அப்படிச் சொன்னா அவன் செஞ்ச தப்ப மன்னிச்ச மாதிரி ஆயிருமே. அவன் என்ன தப்புச் செஞ்சான்? முழுசாச் சொல்லணும்னா நோட்டச் சொல்லணும். நோட்டச் சொன்னா இந்தப் பிள்ள அதுக்கு அப்புறம் இந்த வாசல மிதிக்குமா? நீங்களே சொல்லுங்க. மிதிக்காது.

என்ன செய்யச் சொல்லுதிய? ஏழாம் நம்பர் வீட்டுக்காரர நீங்களே போய்ப் பாக்கியளா? உங்க படிவத்துல "இறப்பு"ன்னு ஒரு கட்டம் இருக்கா. இறந்துட்டா குடும்பத்துல ஒருத்தர்கிட்ட கேக்கணுமா. கேட்டு, இந்தப் பேப்பரையும் காட்டுவியளா? அவ செத்த அப்புறம் பத்தொம்பது நாள் பிரஷர் நார்மல்னு இருக்கே, இதையா? நான் இவ்வளவு நேரம் உங்ககிட்ட சொன்னதே, நீங்க அத அடிச்சுட்டுப் பேசாமப் போயிருவியன்னுதான். ஒரு சின்னக் கோடு. வேற ஊருக்குப் போயிட்டா, தொடர்பு இல்லன்னு போட்டுக்கிடலாம்லா? உங்களுக்கும் பதினாலு பேர்ல ஒருத்திதானே.

தலைய ஆட்டுதிய. முடியாதா?

சரி. பேனாவ மூடுங்க, கேட் சத்தம் கேக்கு. அவதான்.

வா மக்கா, வா. வெயில்ல குடைய எடுத்துட்டு வரலாம்லா? இவிய யுனிவர்சிட்டியில இருந்து வந்திருக்காவ. நர்சுகளப் பத்தி எழுதுதாவ. ஆமா, உங்கம்மை மாதிரி நர்சுகளத்தான். அம்மையோட நோட்டு இவியகிட்ட இருக்கு. இல்ல, அதத் தொடாத. இப்ப வேண்டாம். பைய இறக்கி வை.

இன்னைக்கு மீன் கொழம்பு. அப்புறம் சாப்பிடலாம். மொதல்ல ஒரு வேல செய். உங்கப்பாவக் கூட்டிட்டு வா.

உங்க அப்பாதான், செல்வின். என்ன முறைக்க? பேசவே வேண்டாம் நீ. வாசல்ல நின்னு, ராஜக்கனி சிஸ்டர் கூப்பிடுதாவன்னு மட்டும் சொல்லு, வந்துருவாரு. எதுக்குன்னு கேக்காத மக்கா. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு விசயம் சொல்லணும், ரெண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. இல்லம்மா, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். போ. நான் வையிறேனா? வையல, போ சீக்கிரம்.

போயிட்டாளா? திரும்பிப் பாத்துக்கிட்டே போறா.

எம்மா, நீங்க எந்திரிக்காதிய. குடும்ப விசயம்னு நினைச்சுப் போயிராதிய, நல்லா இருப்பிய, அந்தப் பேப்பரோட இங்கேயே உக்காருங்க. நீங்க போயிட்டியன்னா, அவிய வந்து உக்காந்ததும் நான் வேற ஏதாவது சொல்லிருவேன்.